கைச்சாத்திடாதவர்கள்

எமது தந்தையார் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராகப் பணியாற்றிய காலம் அது. வடக்கே பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு மலையேறிய குடும்பம் எம்முடையது. 1971ஆம் ஆண்டு முடிவதற்குச் சில வாரங்களே இருந்தன. நாம் அண்டைப் பட்டினத்துப் பாடசாலையில் ஏழாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாலை, மழை விட்டும் தூவானம் விடாத வேளையில், எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழனின் பாட்டியார் எமது விடுதி வாசலில் வந்து நின்றார். தலையிலே மடித்துப் போட்ட கம்பளி. கையிலே பழந்துணியிற் சுற்றிய கடதாசிக் கட்டு.

தந்தையார் அக்கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். அவர்களுடைய குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்துவிட்டது, குறித்த தவணைக்குள் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அந்தப் பாட்டியாரும், அவரைப் பெற்ற தாயும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். அவருடைய கணவரைப் புதைத்த இடத்திலே தேயிலை வளர்ந்து கொழுந்தும் எடுத்தாகிவிட்டது. முன்னொரு காலத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டி அவர்கள் செய்த விண்ணப்பம், பிறப்பை நிரூபிக்கும் பத்திரம் இல்லையென்று தள்ளப்பட்டதாம். பிறகு, எந்த நாட்டிலாவது ஒரு பெயர்ப்பதிவு இருந்தாற் போதும் என்று மகன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டான். அதன் பலன் இப்பொழுது வந்து சேர்ந்திருக்கிறது.

“ஏன் போகச் சொல்லுறாங்க?” என்று அவர் கேட்டார். தந்தையார் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து வைக்கும் பழக்கமுடையவர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இலங்கைப் பிரதமருக்கும் இந்தியப் பிரதமருக்கும் இடையே புதுடில்லியில் ஏற்பட்ட உடன்படிக்கையின் வாசகத்தை எடுத்து வந்து, மேசை விளக்கின் கீழே வைத்து, பொறுமையோடு விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு அப்பாட்டியார் சொன்னார்:

“மாஸ்டர் ஐயா, இம்புட்டு நேரம் படிச்சீங்களே, இதுல எங்க பேரு எங்க இருக்கு?”

“இது ரெண்டு அரசாங்கமும் செய்த உடன்படிக்கை, ஆச்சி. இதிலை ஆக்களின்ரை பேர் வராது. தொகைதான் வரும்.”

“தொகைன்னா? கொழுந்து நிறுத்து ராத்தல் போடுவாங்களே, அது மாதிரிங்களா?”

தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. நறுக்கை மடித்துப் புத்தகத்துள் வைத்தார்.

பிற்காலத்தில் நாமும் ஆசிரியரானோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரம் கற்பித்தோம். நாடுகளுக்கிடையேயுள்ள உறவுகளின் வரலாறு பாடப் புத்தகங்களிலே பெரும்பாலும் உடன்படிக்கைகளின் அட்டவணையாகவே இருக்கிறது. ஆண்டு, இடம், கைச்சாத்திட்டோர், விளைவு என்று நான்கு பத்திகள். மாணாக்கர் அவற்றை நெட்டுருச் செய்து பரீட்சையில் எழுதிச் சித்தியடைவர். நாமும் அவ்விதமே படித்தோம். அவ்விதமே கற்பிக்கவும் தொடங்கினோம். ஆனால், அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும் போதெல்லாம், “எங்க பேரு எங்க இருக்கு?” என்ற குரல் எமது காதிலே ஒலிக்காத நாளில்லை. அக்கேள்வியைக் கையிற் கொண்டு, பழங்காலந் தொட்டு இன்று வரையுள்ள சில உடன்படிக்கைகளை மீண்டும் வாசித்துப் பார்த்ததன் பேறே இக்கட்டுரை.

இரு தரப்பாரின் வாசகங்களும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமாதான உடன்படிக்கை, எகிப்திய மன்னன் இரண்டாம் இராம்சேசுக்கும் ஹித்தைத்து மன்னன் மூன்றாம் ஹத்துசிலிக்கும் இடையே கி.மு. 1259ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. சிரியாவிலுள்ள காதேஷ் நகருக்கருகே இவ்விரு பேரரசுகளின் சேனைகளும் மோதிச் சுமார் பதினைந்து ஆண்டுகளின் பின்னர், வெள்ளித் தகடுகளிலே பொறித்து இவ்வுடன்படிக்கையை மாற்றிக்கொண்டனர். எகிப்திய வாசகம் கர்நக்கிலுள்ள கோயிற் சுவரிலே செதுக்கப்பட்டுள்ளது. மற்றைய வாசகம் இன்றைய துருக்கியிலே, ஹித்தைத்துக்களின் தலைநகராயிருந்த ஹத்துசாவில், களிமண் ஏடுகளாக 1906ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. எகிப்திய வாசகம் ஹித்தைத்து மன்னனே சமாதானம் வேண்டி வந்தான் என்கிறது. ஹித்தைத்து வாசகமோ எகிப்திய மன்னனே வந்தான் என்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசாங்கங்கள் தத்தம் குடிகளுக்கு வெவ்வேறு கதை சொல்லக் கற்றுவிட்டன போலும்!

ஆனால் எம்மைத் தடுத்து நிறுத்தியது அதுவன்று. அவ்வுடன்படிக்கையிலே தப்பியோடுவோரைப் பற்றிய பிரிவு ஒன்று உண்டு. ஒரு நாட்டிலிருந்து மற்றைய நாட்டுக்கு ஓடியவர் பெரிய மனிதராயினும், பெயரறியப்படாத ஒருவரோ இருவரோ ஆயினும், அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்விதம் திரும்பி வந்தவரின் வீட்டையோ மனைவி மக்களையோ அழித்தலாகாது, அவருடைய கண்ணையோ காதையோ வாயையோ காலையோ ஊறு செய்தலாகாது. பெயரறியப்படாதவர் என்று ஒருவர் இவ்வுலகில் இருக்கிறார் என்பதை அந்தப் பழைய ஏடு ஒப்புக்கொள்கிறது. அவருக்கும் கண்ணும் காலும் உண்டென்று நினைவூட்டுகிறது. எனினும், திரும்பிப் போக அவருக்கு விருப்பமா என்று அது கேட்கவில்லை. அவ்வோட்டத்துக்குக் காரணமான பசியையோ அடியையோ பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. இரு மன்னர்களின் நட்பிலே இடையிற் கைமாறும் பொருளாகவே அவர் நிற்கிறார்.

இதன் பின் எண்ணூறு ஆண்டுகள் கழித்து, கிரேக்கரின் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், கி.மு. 416இல், அதென்ஸ் நகரத்தின் கப்பற்படை மேலோஸ் என்ற சிறு தீவைச் சூழ்ந்துகொண்டது. அடிபணியுங்கள், அன்றேல் அழிவீர்கள் என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. நீதி என்பது சமபலம் உடையோருக்கிடையே மட்டும் பேசத்தக்கது என்று தூதர்கள் வாதித்ததைத் துசிடிடீஸ் என்னும் சரித்திராசிரியர் பதிந்துள்ளார். சர்வதேச உறவுகளைப் பற்றி எழுதும் பேராசிரியர்கள் எல்லாரும் எடுத்தாளும் பகுதி இது. ஆனால் அதன் தொடக்கத்திலேயே அவர் சொல்லும் ஒரு செய்தியைப் பலர் கடந்து செல்கின்றனர். மேலோஸின் தலைவர்கள் அத்தூதர்களைப் பொதுமக்களின் முன் பேச விடவில்லை. அதிகாரிகளும் மேற்குடியினர் சிலருமே அவர்களோடு பேசினர். பணிவதில்லை என்று அச்சிலரே முடிவு செய்தனர். தீவு வீழ்ந்தபோது, பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். வல்லவனின் அகந்தை ஒரு புறம். தம் மக்களையே கேளாத தலைவர்களின் வீம்பு மறுபுறம். இரண்டுக்கும் இடையிலே நசுங்கியவர்கள், பேச்சு நடந்த இடத்திற்குள் அனுமதிக்கப்படாதவர்கள்.

வெற்றி பெற்ற பின் வருந்திய அரசன் ஒருவனை உலக சரித்திரத்திலே தேடுவோர் அசோகனிடம் வந்து சேர்வர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவன் கலிங்கத்தை வென்றான். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், 1,50,000 பேர் நாட்டினின்றும் பிடித்துச் செல்லப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்றும் தனது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவனே கூறுகிறான். அன்புக்குரியோரைப் பிரிந்தவரின் துயரும் தன்னை வருத்துவதாகச் சொல்கிறான். அதே சாசனத்திலே, மேற்றிசையில் ஆண்ட ஐந்து கிரேக்க மன்னரின் பெயர்களும், தெற்கே சோழ பாண்டியரும், தாம்பிரபர்ணி என வழங்கிய எமது தீவும் குறிக்கப்படுகின்றன. தூதும் மருத்துவமும் அறமும் கொண்டு பிற நாடுகளோடு உறவாட முயன்ற பெருமை அவனுக்கு உண்டு.

எனினும், கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அவனது சாசனங்கள் வெட்டப்பட்ட பாறைகளில் அந்தப் பதின்மூன்றாம் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக அதிகாரிகளுக்கு அறிவுரை கூறும் வேறு சாசனங்கள் உள்ளன. மன்னிப்பு, தொலைவிலுள்ள பிற தேசத்தாருக்கு வாசிக்கப்பட்டது. அடிபட்டவர்களின் வாசலிலே அது வெட்டப்படவில்லை. இதற்கு அரசியற் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் பிடித்துச் செல்லப்பட்ட ஒன்றரை இலட்சம் பேரிலே ஒருவரின் தாய் அப்பாறையின் முன் வந்து நின்றிருந்தால், அவரும் எமது பாட்டியாரின் கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

புதுக்கால ஐரோப்பாவிலே அரசுகளின் உறவு சட்டவுருவம் பெற்ற கதையும் இவ்வாறே செல்கிறது. 1555இல் ஜெர்மன் தேசத்து ஒக்ஸ்பேர்க்கில் ஏற்பட்ட சமாதானம், ஆள்வோன் கொண்ட சமயமே அந்நிலத்தின் சமயம் என்ற விதியை நிறுவிற்று. அதற்கு உடன்படாத குடிகள் தமது ஆதனங்களை விற்றுவிட்டு வெளியேறலாம் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. “பிடிக்காவிட்டாற் போ” என்பதை உரிமையாகச் சட்டத்தில் எழுதிய பெருமை அதற்கு உரியது. பின்னர் முப்பது ஆண்டுப் போர் மத்திய ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய பின், 1648இல் வெஸ்த்பாலியா உடன்படிக்கைகள் அப்போரை முடித்தன. ஓர் அரசின் எல்லைக்குள் மற்றோர் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையின் தொடக்கமாக அவற்றைக் கொள்வது வழக்கம். அக்கொள்கையாற் சிறிய நாடுகள் பெற்ற காப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால் தம் நாட்டுக்குள்ளே தமக்குச் சமமாய் மதித்த அந்த அரசுகள், கடல் கடந்து வந்தபோது வேறு முகம் காட்டின.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1638ஆம் ஆண்டு மே மாதம் மட்டக்களப்பிலே கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டும் போர்த்துக்கேயரை விரட்ட ஓர் உடன்படிக்கை செய்தனர். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்பது மன்னனிடமிருந்த வாசகம். ஒல்லாந்தரிடமிருந்த வாசகத்திலோ அந்தச் சில சொற்கள் இல்லை. காலியும் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபோது, அச்சில சொற்கள் இல்லாமையின் பொருள் விளங்கிற்று. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போலாயிற்று என்று எமது நாட்டார் இன்றும் சொல்லுவது இதனையே. அதன் பின், 1802ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரான்சு தேசத்து அமியேன் நகரிலே பிரித்தானியாவும் பிரான்சும் அவற்றின் நேச நாடுகளும் செய்த சமாதானத்தில், இலங்கையிலிருந்த ஒல்லாந்தப் பிரதேசங்கள் பிரித்தானியாவுக்குக் கையளிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து உழவனும் நீர்கொழும்பு மீனவனும், தாம் ஒருபோதும் காணாத ஊரிலே, தாம் அறியாத மொழியிலே, ஓர் எசமானிடமிருந்து மற்றோர் எசமானுக்குச் சட்டப்படி மாற்றப்பட்டனர்.

இவ்வழக்கம் அதன் உச்சத்தை அடைந்தது ஆபிரிக்காவிலாகும். 1884 நவம்பர் தொடக்கம் 1885 பெப்ரவரி வரை பேர்லினில் நடந்த மகாநாட்டிலே 14 அரசுகள் கூடின. ஒரு நிலத்தைத் தமதென்று உரிமை பாராட்டுவதற்குரிய விதிகளை அங்கே வகுத்தன. கொங்கோ நாடு பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் தனி ஆட்சிக்குச் செல்ல வழி பிறந்தது. அந்த மேசையைச் சுற்றி ஓர் ஆபிரிக்கர்கூட அமர்ந்திருக்கவில்லை. அடிமை வியாபாரத்தை ஒழித்தல், மக்களின் நலத்தைப் பேணுதல் என்ற நல்ல சொற்கள் அம்மகாநாட்டுப் பத்திரத்திலே நிறைய உண்டு. அந்த நல்ல சொற்களின் கீழேதான் கொங்கோவின் மக்கள் இறப்பர் சேர்க்கக் கசையடி பட்டு மாண்டனர்.

ஆயினும், எமது பாட்டியாரின் நிலைக்கு மிக அண்மையான உடன்படிக்கை வேறொன்று. 1923ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. துருக்கியிலுள்ள கிரேக்க ஓர்த்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்பட வேண்டும் என்பது அதன் விதி. இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேசிய முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் இதற்குட்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் 1922ஆம் ஆண்டுப் போரிலேயே ஓடிவந்தவர்கள். இவ்வொப்பந்தம் அவர்கள் திரும்பும் வழியை அடைத்தது. ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் மறுதிசையிற் சென்றனர்.

அங்கே மொழி கேட்கப்படவில்லை, சமயமே அளவுகோலாயிற்று. துருக்கி மொழியையன்றி வேறறியாத அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திலே கரையேறினர். கிரேக்க மொழியையே பேசிய கிரேத்தாத் தீவின் முஸ்லிம்கள் துருக்கியிலே இறங்கினர். “தாயகம்” திரும்பிய அகதிகளைக் கிரேக்கத்து உள்ளூரார் “துருக்கியின் விதை” என்று ஏசினர். அகதிகளுக்காகப் பாடுபட்டு 1922இல் நோபல் பரிசு பெற்ற நான்சென் போன்ற நல்லோரும் இத்திட்டத்துக்குத் துணை நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. கொலையை நிறுத்துவதற்கு வேறு வழியில்லை என்று அவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தில் நேர்மை இருந்தது. ஆனால் மனிதர்களைப் பிரித்துத் தொகையிடுவது ஒரு தீர்வு என்று உலக அரசுகள் அன்று கற்றுக்கொண்டன. அப்பாடத்தை அவை பின்னர் பலமுறை ஒப்புவித்தன.

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவிலே, 1945 ஜூன் 26இல், சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் ஐக்கிய நாடுகள் சாசனத்திற் கைச்சாத்திட்டன. அச்சாசனம் மக்களின் பெயராலேயே தொடங்குகிறது. கைச்சாத்து மட்டும் அரசாங்கங்களுடையது. மூன்று ஆண்டுகளின் பின், 1948 டிசம்பர் 10இல், மனித உரிமைகளின் சர்வதேசப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசத்தின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டென்று அதன் 15ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்குச் சரியாக இருபத்தைந்து நாட்களுக்கு முன்னர், நவம்பர் 15இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மலையகத் தோட்டங்களிலே உழைத்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் அதனால் நாடற்றவராயினர். பாரிஸிலே உலகம் ஓர் உரிமையை எழுதிய காலத்தில், மலைநாட்டு லயங்களில் அவ்வுரிமை பறிபோய்க்கொண்டிருந்தது.

1955ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆபிரிக்க நாடுகள் 29 ஒன்றுகூடின. அதனைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அவ்வைந்தும் முந்திய ஆண்டிலே கூடியது கொழும்பிலேயே. பேர்லின் மேசையில் இடம்பெறாதவர்கள் தமக்கென ஒரு மேசை போட்டுக்கொண்ட நாள் என்று அதனைச் சொல்லலாம். எமது தலைமுறைக்கு அது பெருமை தந்தது, இன்றும் தருகிறது. அம்மகாநாடு நடந்த நாட்களிலே, ஏப்ரல் 22இல், சீனாவும் இந்தோனேசியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தோனேசியாவில் வாழ்ந்த, இரு நாட்டுப் பிரஜாவுரிமையும் கோரத்தக்க சீன வம்சத்தவர், எந்த நாட்டை விரும்புகின்றனர் என்பதைத் தாமே இரண்டாண்டுகளுக்குள் அறிவிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. அது நடைமுறைக்கு வர 1960 ஆயிற்று. அதனாலும் அம்மக்களின் துன்பம் தீரவில்லை. ஆயினும், ஆளைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது அந்தத் தாளிலே இருந்தது. கேட்பது இயலாத காரியம் என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

அதன் பின் ஒன்பதே ஆண்டுகளில், பாண்டுங்கைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இரண்டு, புதுடில்லியிலே கூடின. 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேரை இலங்கை ஏற்கும்; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே இடம் என்பது கணக்கு. பின்னர், 1974இல், எஞ்சியோரையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டனர். அந்நியன் எமது மேசையைப் பிடித்துக்கொண்டான் என்று நாம் நெடுங்காலம் குறைகூறினோம். மேசை எமது கைக்கு வந்த பிறகும், அதற்கு வெளியே நிற்பவர்கள் நின்றபடியே நின்றனர்.

இவ்விடத்திலே ஓர் ஆட்சேபத்தைக் கேட்பது நேர்மையாகும். எமது தந்தையார் பின்னாளில் அதனை எம்மிடம் சொன்னார். இரு அரசாங்கங்களும் பேசாமலே இருந்திருந்தால், அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரும் என்றென்றும் அந்தரத்திலேயே தொங்கியிருக்கமாட்டார்களா? மூன்று இலட்சம் பேருக்காயினும் ஒரு வழி பிறந்ததன்றோ? இலட்சக் கணக்கானோரை ஒரு மேசையிலே இருத்திப் பேசுதல் ஆகுமா? இக்கேள்விகளை அலட்சியம் செய்வதற்கில்லை. உடன்படிக்கைகள் போரை நிறுத்தியிருக்கின்றன. சிறிய நாடுகளுக்கு நிழல் தந்திருக்கின்றன. ஒரு தாளுமின்றி வாளையே நம்பி வாழ்ந்த உலகம் மேலோஸின் உலகம். அதற்கு எவரும் திரும்ப விரும்பார்.

ஆனால், மேசையில் அனைவரையும் இருத்த முடியாது என்பது வேறு. அவர்களின் விருப்பத்தைக் கேளாமலே எண்ணிக்கையை முன்கூட்டித் தீர்மானிப்பது வேறு. புதுடில்லியிலே முதலிற் தொகை வகுக்கப்பட்டது. ஆட்கள் பின்னரே அத்தொகைக்குள் அடைக்கப்பட்டனர். விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தபோது, மக்களின் விருப்பமும் அரசுகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அக்கணக்கு எழுதப்பட்ட நாளிலேயே இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. இந்த அநீதிக்கு அரசாங்கங்களை மட்டுமே பொறுப்பாக்கிவிட்டு நாம் கைகழுவ இயலாது. தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பத்திரங்களின் சிக்கலுள் மாட்டிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கைதூக்கியோருள் வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். அவர்களைத் தெரிவு செய்தவர்களின் பிள்ளைகள் நாம். எமக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமை இருந்தது. அதற்கு எந்த விண்ணப்பமும் தேவைப்படவில்லை. ஒரே மொழி, ஒரே வாங்கு, ஒரே பாடப் புத்தகம். ஆனால் ஒருவன் நாட்டுக்குரியவன், மற்றவன் தொகைக்குரியவன். எமது தோழன் புறப்படப் போகிறான் என்று வகுப்பிலே தெரிந்த நாளிலே நாம் அவனிடம் கேட்ட கேள்வி, “கப்பலிலை போவியா?” என்பதுதான். அந்தப் பேதைமைக்காக இன்று வெட்கப்படுகிறோம்.

புகையிரத நிலையத்துக்கு நாம் தந்தையாரோடு போயிருந்தோம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை மக்கள் “ஒப்பாரிக் கோச்சி” என்று அழைத்தனர். அப்பெயரின் காரணத்தை அன்று நேரிற் கண்டோம். போகிறவர்கள் வண்டிக்குள்ளிருந்தும், நிற்கிறவர்கள் மேடையிலிருந்தும், இழவு வீட்டிற்போல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர். ஒரே குடும்பத்திலே தம்பிக்கு இலங்கை, அண்ணனுக்கு இந்தியா என்று தாள் வந்திருந்தவர்கள் அங்கே பலர். பாட்டியார் அழவில்லை. முடிச்சிட்ட துணியொன்றை மடியில் வைத்திருந்தார். அதற்குள் என்னவென்று தோழனைக் கேட்டோம். “தாத்தா மண்ணு” என்றான்.

சில மாதங்களின் பின் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிப் பக்கத்துக்கு வந்திருப்பதாகவும், அங்கேயும் தேயிலைதான் என்றும், ஆனால் அங்குள்ளோர் தம்மைச் “சிலோன்காரன்” என்று அழைப்பதாகவும் எழுதியிருந்தான். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். லோசானின் கதையை நாம் பின்னாளிற் படித்தபோது, துருக்கியின் விதை என்ற அந்த ஏச்சு எமக்குப் புதிதாகத் தோன்றாமைக்குக் காரணம் இக்கடிதமே. பாட்டியார் அங்கே முதலாவது குளிர்காலத்திலேயே காலமானதாக இரண்டாவது கடிதம் சொல்லிற்று.

1984இல் கப்பற் போக்குவரத்து நின்றது. போக வேண்டியிருந்தோரில் ஒரு பகுதியார் போகாமலே இங்கு தங்கினர். கடைசியாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கிற்று. ஆளைப் பிரித்த அதே திகதியே ஆளைச் சேர்க்கும் சட்டத்துக்கும் அளவாயிற்று. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் செய்ய முடிந்ததை முதலிலேயே செய்திருக்க முடியும் என்பதற்கு அச்சட்டமே சாட்சி. ஆனால் சென்றவர்கள் சென்றவர்களே.

உடன்படிக்கைகளின் காலம் முடிந்துவிடவில்லை. 2022இல் இந்நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கான ஏற்பாட்டுக்குள் சென்றது. வரி, மின்கட்டணம் என்று பல நிபந்தனைகள் அதிலே உண்டு. அவ்வேற்பாடு அவசியமா அன்றா என்பது பொருளியலாரின் விவாதம். ஆனால் அந்நிபந்தனைகளைச் சுமப்போரிற் பெரும்பாலோர் அவற்றை வாசித்ததுமில்லை, எவரும் அவர்களுக்கு வாசித்துக் காட்டியதுமில்லை. எமது தந்தையார் மேசை விளக்கின் கீழே செய்த அந்தச் சிறு காரியத்தையாவது இன்று யார் செய்கிறார்கள்?

ஆசிரியப் பணியின் பிற்பகுதியில், உடன்படிக்கைகளின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும்போது ஐந்தாவது பத்தி ஒன்றையும் நாம் கீறத் தொடங்கினோம். “கேட்கப்படாதவர்கள்” என்று அதற்குத் தலைப்பிட்டோம். பரீட்சைக்கு அது தேவையில்லை என்று பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தனர். பின்னர் அவர்களே தேடி நிரப்பினர். காதேஷுக்கு நேரே தப்பியோடியவர்கள், மேலோஸுக்கு நேரே பெண்களும் பிள்ளைகளும், பேர்லினுக்கு நேரே ஒரு கண்டம் முழுவதும் என்று அப்பத்தி நீண்டு வந்தது. 1964க்கு நேரே எழுத வந்த ஒரு சிறுமி சற்று நின்று, “சேர், தொகையை எழுதவா, எங்கட அம்மம்மான்ர பேரை எழுதவா?” என்று கேட்டாள்.

பெயரை எழுதச் சொன்னோம்.